ஆடுகளத்தில் ஓர் இடம்



புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்தால், அவர் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார், எத்தனை விக்கெட்டுகள் வீழ்த்தினார், எத்தனை நாடுகளில் ஆடினார் என்று கணக்குப் பார்ப்பது உலக வழக்கம். பத்திரிகைகள் அவருடைய படத்தை வெளியிடும். பெரியோர் பாராட்டுரை வழங்குவர். ஆனால் கணக்கு எதுவும் எழுதப்படாத ஆட்டக்காரர்களும் உலகில் உண்டு. தொகையில் மிகுந்தவர்களும் அவர்களே. வாரத்தில் ஆறு நாள் வயிற்றுக்காக உழைத்து, ஏழாம் நாள் மனத்துக்காக ஆடுகின்றவர்கள் அவர்கள். ஆட்டத்தினால் அவர்களுக்கு ஒரு சதமும் வருவதில்லை. கைப்பணம் செலவாவதே உண்டு. அத்தகைய ஒருவர் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், "இனி என்னை அணியில் சேர்க்க வேண்டாம்" என்று சொல்கிறார். அந்தச் சொல்லின் பொருள் என்ன? அதன் பின்னால் நிற்கும் வாழ்வு எத்தகையது? அதைச் சிந்திப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சிந்தனைக்குப் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களையே களமாகக் கொள்ளலாம். ஊவா மாகாணத்தின் தலைநகரான பதுளையை, கொழும்பிலிருந்து மலையேறி வரும் இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டில் வந்தடைந்தது. அப்பாதை முடிவடைவதும் இங்கேதான். நகரை அடையுமுன், தெமோதரையில் அந்தப் பாதை செய்யும் வித்தையைப் பயணம் செய்தோர் அறிவர். மலையைச் சுற்றி ஒரு வளையமிட்டு இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்துக்குக் கீழேயே ஒரு சுரங்கத்தின் வழியாக நுழைந்து செல்கிறது அது. நேராக இறங்குவதற்கு அங்கே நிலம் இடங்கொடுக்கவில்லை. பாதை வகுத்த பொறியியலாளருக்கே சமநிலம் கிட்டாத நாட்டில், பந்தாட விரும்பும் சிறுவனுக்குச் சமநிலம் எளிதில் கிட்டுமா?

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று எப்பக்கம் திரும்பினாலும் சரிவே தென்படும். சரிவெல்லாம் தேயிலை. சமமாக ஒரு துண்டு நிலம் இருந்தால் அதில் தொழிற்சாலையோ, துரையின் பங்களாவோ, கோயிலோ, பள்ளிக்கூடமோ அமைந்திருக்கும். அக்காலத் தோட்டத் துரைமார் தமக்கெனக் கழகங்கள் அமைத்து, கிரிக்கெட்டும் டென்னிசும் ரக்பியும் ஆடினார்கள். மண்வெட்டி பிடித்தவருக்கும் கொழுந்து பறித்தவருக்கும் அந்த வெளிகள் உரியனவாக இருக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் லயத்துக்கு முன்னுள்ள வாசலில் கிட்டிப்புள் ஆடினர். கோயில் முற்றத்தில் சடுகுடு ஆடினர். பிறகு, பாறையைப் பெயர்த்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, ஞாயிறு தோறும் உழைத்து ஆங்காங்கே சிறு மைதானங்களை அமைத்துக்கொண்டனர். அந்த மைதானத்தின் ஒரு பக்கம் மண் மேடு. மறு பக்கம் சரிவு. பந்து சரிவில் உருண்டால், தேயிலைச் செடிகளுக்கிடையே புகுந்து தேடத்தான் வேண்டும்.

அங்கே ஆடப்படும் ஆட்டங்கள் பல. கரப்பந்தாட்டம் இந்நாட்டின் தேசிய விளையாட்டு. 1916ஆம் ஆண்டில் கொழும்பில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வழியாக அறிமுகமாகி, 1991ஆம் ஆண்டில் தேசிய விளையாட்டு என்ற தகுதியைப் பெற்றது அது. இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் சிறிதளவு நிலமும் அதற்குப் போதும். சித்திரைப் புத்தாண்டு வந்தால் எல்லே ஆட்டம் இடம்பெறும். மூங்கிற் கழியால் பந்தை அடித்துவிட்டு, வட்டமாக அமைந்த தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகக் கடந்து ஓடிவர வேண்டும். அடிப்பதற்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. அடித்த பந்தை எதிரணியினர் நிலத்தில் விழாமற் பிடித்தாலும், ஓடும்போது பந்தால் எறிந்து தாக்கினாலும் ஆட்டமிழக்க நேரிடும். அமெரிக்கர் தம் உயிரெனப் போற்றும் பேஸ்போல் ஆட்டத்துக்கு எல்லே நெருங்கிய உறவினது எனலாம். இவற்றோடு, இன்று தோட்டந்தோறும் இளைஞர் மனத்தைக் கொள்ளை கொண்டிருப்பது மென்பந்துக் கிரிக்கெட். ஒரு தோட்டத்து அணி மற்றொரு தோட்டத்து அணியோடு மோதும் ஞாயிற்றுக்கிழமை, லயத்தில் அடுப்படியில் நிற்பவரின் காதும் மைதானத்துப் பக்கமே இருக்கும்.

இத்தகைய ஓர் அணியில் நெடுங்காலம் ஆடிய ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவருக்கு நாம் பெயரிட வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் அவருக்கு ஒவ்வொரு பெயர் இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வயது ஐம்பதை நெருங்குகிறது. பதினேழாம் வயதில் அணியில் சேர்ந்தவர். மட்டையடிப்பதில் பெரும் சூரர் அல்லர்; பந்துவீச்சிலும் புகழ் பெற்றவர் அல்லர். ஆயினும் அவருக்கென ஓர் இடம் உண்டு. மைதானத்தின் சரிவுப் பக்கத்து எல்லைதான் அவருடைய இடம். அந்தப் பக்கம் போகும் பந்தைத் தடுக்கத் தவறினால், நான்கு ஓட்டங்கள் போவதோடு பந்தும் போய்விடும். ஆகவே நம்பிக்கையானவர் ஒருவரையே அங்கே நிறுத்துவார்கள். முப்பது ஆண்டுகளாக அங்கே நின்றவர் அவர். எந்தக் கல்லில் பட்டால் பந்து எப்பக்கம் திரும்பும் என்பதும், எந்தச் செடியின் அடியில் அது ஒளிந்துகொள்ளும் என்பதும் அவருடைய கால்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் பந்து அவரைக் கடந்து சரிவில் உருள்கிறது. அவர் இறங்கத் தொடங்குகிறார். முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது. அப்போது, மேட்டில் அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஓடி வருகிறான். "மாமா, நீங்கள் நில்லுங்கள், நான் எடுத்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டிபோல் தாவி இறங்குகிறான். பந்தோடு மேலே ஏறி வரும்போது அவனுக்கு மூச்சும் வாங்கவில்லை. அந்தப் பையன் பணிவாகத்தான் பேசினான். உதவி செய்யத்தான் வந்தான். ஆனால் பெரியவருக்கு அதில் வேறொரு செய்தியும் கேட்டது. அவன் இரண்டு ஆண்டுகளாக மேட்டில் அமர்ந்திருக்கிறான் என்பது அவருடைய நினைவுக்கு வந்தது. அணியில் பதினொரு இடங்கள்தாம் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தாம் நிற்பதனால், ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இந்த எண்ணம் தோன்றிய பிறகு எந்த நேர்மையான ஆட்டக்காரருக்கும் உறக்கம் எளிதில் வராது.

"ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா" என்பது நம் முன்னோர் மொழி. ஆட்டத்தை விடுவது கூலிக்கு ஆடுகின்றவரைவிட ஆசைக்கு ஆடுகின்றவருக்கு ஒருவகையில் கடினமானது. கூலிக்கு ஆடுபவரைத் தேர்வாளர் நீக்குவர், ஒப்பந்தம் முடியும், நாள் குறிக்கப்படும். ஆசைக்கு ஆடுபவரை நீக்க யாருக்கு மனம் வரும்? "அண்ணன் இருக்கட்டும்" என்று இளைஞர் பேசாமல் இருந்துவிடுவர். மரியாதையே ஒரு திரையாகி உண்மையை மறைத்துவிடும். எனவே தம் ஓய்வைத் தாமே அறிந்து, தாமே அறிவிக்க வேண்டிய பொறுப்பு அவருடையதாகிறது.

உலக அரங்கிலும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள் உண்டு. முதலில், மலையகத்தோடு உறவுடைய ஒருவரையே எடுத்துக்கொள்வோம். முத்தையா முரளிதரனின் பாட்டனார், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து 1920ஆம் ஆண்டளவில் வந்தவர். பேரன் கண்டியில் பிறந்து, உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளராக உயர்ந்தார். 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் தொடர் தொடங்குமுன், அவருடைய விக்கெட்டுகளின் தொகை 792. அதற்கு முன் எவரும் எட்டாத எண்ணூறுக்கு இன்னும் எட்டு வேண்டும். தொடரில் மூன்று ஆட்டங்கள் இருந்தன. மூன்றிலும் ஆடினால் அந்த எட்டு எளிதில் கிட்டும் என்று யாரும் சொல்வர். ஆனால் அவரோ, காலியில் நடைபெறும் முதல் ஆட்டத்தோடு டெஸ்ட் ஆட்டத்தை விட்டுவிடுவதாக முன்னரே அறிவித்துவிட்டார். எட்டு விக்கெட்டுகள் கிட்டினால் கிட்டட்டும், கிட்டாவிட்டால் போகட்டும் என்ற துணிவு அது. ஜூலை 22ஆம் நாள், அவர் வீசிய இறுதிப் பந்தே எண்ணூறாவது விக்கெட்டாக அமைந்தது. மகேல ஜயவர்தன அந்தப் பந்தைப் பிடித்தார். உலகம் அந்த எண்ணை வியந்தது. வியக்க வேண்டியது, எண் கைக்கு வருமுன்னரே விடைபெறத் துணிந்த மனத்தையும் அன்றோ?

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் கர்னல் சி. கே. நாயுடு. 1932ஆம் ஆண்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஹோல்கார் சமஸ்தானத்துப் படையில் பதவி வகித்துக்கொண்டு, கிரிக்கெட்டை ஆசைக்கு ஆடிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1956-57ஆம் ஆண்டுப் பருவத்தில், 61ஆம் வயதில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் ஆடினார். 1963-64ஆம் ஆண்டுப் பருவத்தில், 68ஆம் வயதிலும் முதல்தர ஆட்டம் ஒன்றில் களம் இறங்கினார். அந்த உடல் உறுதியையும் ஆட்டப் பற்றையும் எண்ணித் தலைவணங்காதவர் இரார். எனினும், எல்லாரும் நாயுடு ஆகிவிட முடியாது. அவருடைய வழி வியப்புக்குரியது. பின்பற்றுவதற்கு எல்லார்க்கும் ஏற்றதன்று.

மூன்றாமவர் அமெரிக்கப் பேஸ்போல் வீரர் லூ கெரிக். அவருடைய கதை இன்றைய பேச்சின் உட்பொருளுக்கு மிக நெருங்கியது. 1925ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், நியூயோர்க் யாங்கீஸ் அணியின் வாலி பிப் என்பவர் ஆட்டத்தில் இறங்கவில்லை. அவருடைய இடத்தில் இளைஞரான கெரிக் நிறுத்தப்பட்டார். அன்று கிடைத்த இடத்தை அவர் பதினான்கு ஆண்டுகள் விடவில்லை. ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 2130 ஆட்டங்களில் ஆடினார். 1939ஆம் ஆண்டில் அவருடைய கை கால்கள் காரணம் தெரியாமல் வலுவிழந்தன. தோழர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பயிற்றுநரும் அவரை நீக்கவில்லை. மே மாதம் 2ஆம் நாள், டெட்ரோய்ட் நகரில், கெரிக் தாமாகவே பயிற்றுநரிடம் சென்று, அணியின் நன்மை கருதித் தம்மை விலக்கும்படி கேட்டுக்கொண்டார். தசைகளை மெல்ல மெல்ல அழிக்கும் கொடிய நரம்பு நோய் அவரைப் பற்றியிருந்தது என்பது அதன் பின்னரே தெரியவந்தது. 1941ஆம் ஆண்டில், 37ஆம் வயதில் மறைந்தார். மற்றொருவர் ஒதுங்கியதனால் இடம் பெற்றவர், நேரம் வந்தபோது தாமே ஒதுங்கி இடம் கொடுத்தார். 2130 என்ற எண்ணைப் பிற்காலத்தில் ஒருவர் கடந்துவிட்டார். அந்த ஒதுங்கலின் பெருமையை எவரும் கடக்கவில்லை.

இடம் கொடுத்தல் என்ற இந்தச் சொல்லில்தான் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. "இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்" என்று எச்சரிக்கும் பழமொழி ஒன்று உண்டு. இடத்தை இழக்க அஞ்சுகின்றவர் சொன்ன சொல் அது. மலையகத்து மக்களுக்கு அந்த அச்சம் புதிதன்று. இடம் என்ற ஒன்றைச் சுற்றியே அவர்களுடைய வரலாறு அமைந்திருக்கிறது. காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள், நிலம் அவர்களுடையதாகவில்லை. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தார்கள். அந்த அறையும் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், பிறந்த நாட்டிலேயே அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974ஆம் ஆண்டுவரை முடிவாகாமல் இருந்தது.

அந்த ஆண்டுகளில் மலைநாட்டு இரயில் நிலையங்களில் நிகழ்ந்த பிரிவுகளை முதியோர் இன்றும் மறக்கவில்லை. தகரப் பெட்டியும் பாய் மூட்டையுமாகத் தலைமன்னாருக்குப் புறப்பட்டவர்களுள் அண்ணன் இருந்தார், தம்பி தங்கிவிட்டார். மாமன் சென்றார், மருமகன் நின்றார். அப்படிச் சென்றவர்களுள் ஆட்டக்காரர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? கால் தளர்ந்து அவர்கள் ஓய்வு பெறவில்லை. கண் மங்கி விலகவில்லை. ஆடும் வயதில், ஆடும் வலுவோடு, களத்தைவிட்டு அகற்றப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் நின்ற இடத்தில் நிற்பதற்கு யாரையும் ஆயத்தம் செய்யவும் அவகாசம் இருக்கவில்லை. பறிக்கப்பட்ட இடம் வேறு, கொடுக்கப்பட்ட இடம் வேறு. 2003ஆம் ஆண்டின் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்க வழிசெய்தது. இன்று பதுளைத் தோட்டத்து ஆட்டக்காரர் ஒருவர், தாம் பிறந்த ஊரில், தம் மக்கள் நடுவே, தம் விருப்பப்படி, தாமே தேர்ந்த நாளில், தமக்குப் பின் வருபவனைக் கண்ணாற் கண்டுகொண்டு ஓய்வு பெற முடிகிறது. அந்த விடைபெறல் சாதாரணமானதன்று. முன்னோருட் பலருக்குக் கிட்டாத பேறு அது.

மலையகத்துப் பெண்களுக்கு இந்தப் பேறு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசிய வாகை சூடிய இலங்கை அணிகளில் ஆடினார். நெடுங்காலம் களத்தில் நிலைத்துநின்ற அவரைப் பார்த்துப் பெருமைப்படாத தமிழர் இல்லை. ஆனால் தோட்டத்துப் பாடசாலையில் வலைப்பந்து ஆடும் மாணவியின் நிலை என்ன? பள்ளிக்கூடம் முடியும் நாளே பலருக்கு ஆட்டம் முடியும் நாளாகிவிடுகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கொழுந்துக் கூடையோடு மலையேறி, மாலையில் விறகோடும் தண்ணீரோடும் திரும்பும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையும் துணி வெளுக்கும் நாளே. அவளுடைய ஓய்வை எவரும் அறிவிப்பதில்லை. ஏனெனில் அவள் ஆடினாள் என்பதே எவர் நினைவிலும் இருப்பதில்லை. தோட்டத்து மைதானத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பெண்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். இடம் கொடுத்தல் என்ற அறம் அங்கேயும் செல்லுபடியாக வேண்டும்.

இனி, இடத்தை விடுகின்றவர் களத்தையும் விட்டுவிட வேண்டுமா என்ற வினா எழுகிறது. வேண்டியதில்லை. விட வேண்டியது பதினொன்றில் ஒன்றான அந்த இடத்தை மட்டுமே. மைதானம் எல்லார்க்கும் உரியது. தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்யும்போது, பார்ப்பவருக்கு அது பட்டுப்போன குச்சிபோல் தோன்றும். சில மாதங்கள் கொழுந்து இல்லை. ஆயினும் வேர் மண்ணுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறது. கவ்வாத்துச் செய்யாமல் விட்ட செடிதான் மரமாக ஓங்கி, கொழுந்துக்கு உதவாமற் போய்விடும். வேரைப் பிடுங்குவதும் கிளையைக் கழிப்பதும் ஒன்றல்ல என்பதைத் தோட்டத்தில் வாழ்கின்றவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் யோர்க்ஷயரைச் சேர்ந்த வில்ஃபிரட் ரோட்ஸ் என்பவர் 1898 முதல் 1930 வரை முதல்தரக் கிரிக்கெட் ஆடி, 4,204 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 52ஆம் வயதில் டெஸ்ட் ஆடியவர் என்ற பெருமையும் அவருடையது. முதுமையில் அவருடைய பார்வை முற்றிலும் மறைந்தது. ஆயினும் அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. மட்டையில் பந்து படும் ஓசையைச் செவியாற் கேட்டே ஆட்டத்தைப் பின்தொடர்ந்தார். வானொலியின் முன் அமர்ந்து ஆட்டத்தைக் கேட்டு, கண்ணாற் காணாத பந்தை மனத்தாற் கண்ட நேயர்களுக்கு அந்த முதியவரின் இன்பம் விளங்காமற் போகாது. இடம் போன பின்னரும் களம் அவரை விட்டுப் போகவில்லை.

தோட்டத்து மைதானத்தில் செய்வதற்கு வேலைகளா இல்லை? நடுவராக நிற்பதற்கு இருபக்கத்தாரும் நம்பும் ஒருவர் வேண்டும். முப்பது ஆண்டுகள் நேர்மையாக ஆடியவரைவிட அதற்குத் தகுந்தவர் யார்? மழைக்காலத்தில் மேட்டு மண் கரைந்து ஆடுகளத்தை மூடும். வடிகானை வெட்டிவிட ஆள் வேண்டும். இரண்டு பருவம் கவனியாது விட்டால், மானாப்புல் வளர்ந்து, முன்னோர் பாறை பெயர்த்து அமைத்த மைதானம் மறைந்துபோகும். தோற்ற அணியின் இளைஞர் சினம் கொண்டு சண்டைக்குச் செல்லும்போது, தோளில் கைவைத்து, "தம்பி, அடுத்த ஞாயிறும் உண்டு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மதுவை நாடும் பழக்கத்திலிருந்து பையன்களை மீட்க, சொல்லாலன்றித் தம் வாழ்வாற் காட்டும் மூத்தவர் ஒருவர் வேண்டும். இவற்றுள் எதற்கும் முழங்கால் தடையன்று.

அவர் செய்ய வேண்டியவை இவை. அவருக்கு ஊர் செய்ய வேண்டியதும் உண்டு. பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. அணிக்கென ஒரு கணக்குப் புத்தகம் வைக்கட்டும். யார் யார் ஆடினர், எந்த ஆண்டு சேர்ந்தனர், எந்த ஆண்டு விலகினர் என்று அதில் எழுதட்டும். தோட்டத்துத் தொழிலாளியின் பெயர் அன்றாடம் பெரட்டில் எழுதப்படுகிறது. அது கூலிக்கான பெயர். அவர் மகிழ்ந்து ஆடிய நாளின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எழுதி வைத்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேரன் புரட்டிப் பார்த்து, "எங்கள் தாத்தா சரிவுப் பக்கத்தில் நின்றவர்" என்று சொல்வான். ஒரு சமூகத்தின் வரலாறு சட்டங்களாலும் ஒப்பந்தங்களாலும் மட்டும் ஆவதன்று. இத்தகைய புத்தகங்களாலும் ஆவது. அடுத்தது, கடைசி ஆட்டத்தைக் கடைசி ஆட்டம் என்று அறிந்து ஆட விடுங்கள். இரு அணியினரும் எழுந்து நின்று ஒருமுறை கைதட்டட்டும். ஒரு தேநீரும் ஒரு மாலையும் போதும்.

மனக்கண்முன் நிறுத்திய அந்தப் பெரியவரிடம் மீண்டும் வருவோம். அவர் தம் முடிவைச் சொல்லிவிட்டார். இறுதி ஆட்டம் நடைபெறுகிறது. நமுனுகுல மலையின்மீது மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. வழக்கம்போல் சரிவுப் பக்கம் செல்கிறார். ஆட்டத்தின் நடுவே, தலைவரின் அனுமதி பெற்று, மேட்டில் இருக்கும் பையனைக் கைகாட்டி அழைக்கிறார். அவன் தயங்கித் தயங்கி வருகிறான். "தம்பி, இந்தக் கல்லைப் பார்த்துக்கொள். இதில் பட்டால் பந்து இடப்பக்கம் திரும்பும். அந்த மூன்றாம் செடியின் அடியில் ஒரு குழி இருக்கிறது, பந்து காணாமற் போனால் முதலில் அங்கே பார்" என்கிறார். முப்பது ஆண்டுகளின் அறிவு இரண்டு வாக்கியங்களில் கைமாறிவிட்டது. பையன் தலையசைக்கிறான். அவர் அந்த இடத்தைவிட்டு நடந்து, அவன் எழுந்து வந்த மேட்டுக்குச் சென்று, அவன் அமர்ந்திருந்த அதே இடத்தில் அமர்கிறார்.

சற்று நேரத்தில் ஒரு பந்து சரிவுப் பக்கம் விரைகிறது. கல்லில் பட்டு இடப்பக்கம் திரும்புகிறது. பையன் அதற்கு முன்பே இடப்பக்கம் ஓடியிருந்தான்.

மேட்டில் இருந்தவர் கைதட்டினார். அவர் அந்த மைதானத்தில் கைதட்டியது அதுவே முதல் தடவை. அதுவரை அவருடைய கைகள் பந்து பிடிப்பதற்கென்றே இருந்தன.